அக்காவை நாங்கள் பாஸ்டர் என்று அழைக்கவில்லை

ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் ஒரு தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொன்னீர்கள். சபையில் பெண்கள் தலைமைக்கு வருவது எப்படி என்று. இரண்டு வாரம் யோசித்துப் பார்த்தேன். எனக்கு அது தெரியாது. தலைமைக்கு வந்துவிட்ட ஒரு பெண்ணை எப்படிக் கீழே இறக்கினோம் என்பது தெரியும். இறக்கியவர்களில் நானும் ஒருத்தி. பேசினால் பாதியில் குரல் போய்விடும் என்பதால் எழுதித் தருகிறேன்.

இருபத்தெட்டு வருடம் இந்தச் சபையில் பெண்கள் ஊழியம் பார்த்தேன். ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், உபவாசக் கூட்டம், ஆஸ்பத்திரிச் சந்திப்பு எல்லாம் ஒரே மாதத்தில் உங்களுக்குப் பழகிவிடும். அதற்கு நான் தேவையில்லை. வேறொன்றைச் சொல்கிறேன்.

நான் சேர்ந்தபோது, கடலோரத்து மீனவர் பகுதியான குருசுக்குப்பத்தில் ஏற்கெனவே ஒருவர் ஊழியம் செய்துகொண்டிருந்தார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். குப்பத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கும் அக்காதான். பெயர் எழுதவில்லை, எழுதினால் நான் அவருக்கு ஏதோ மரியாதை செய்வதுபோல் ஆகிவிடும். எட்டாவது வரை படித்தவர். கல்யாணமான இரண்டாம் வருடமே புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அதன்பிறகு ஒரு சொல்தா வீட்டில் சமையல் வேலை பார்த்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய தமிழர்களை நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம். அந்தப் பெரியவர் இறந்த பிறகு அக்கா எங்கள் சபையில் சேர்ந்து, பிள்ளை பெற்ற வீடுகளுக்கும் நோயாளிகள் இருந்த வீடுகளுக்கும் குப்பத்தில் போய்வர ஆரம்பித்தார்.

அங்கே முதலில் சேர்ந்தவள் லட்சுமி. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள். அவள் புருஷன் குடித்துவிட்டு அடிப்பான். ஒருநாள் அவள் முகம் வீங்கி வந்து நின்றபோது நானும் இருந்தேன். "பொறுத்துக்கோம்மா, ஜெபம் பண்ணு, கர்த்தர் அவரை மாத்துவார்" என்றேன். எனக்கு வேதாகமக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது அதுதான். அக்காவோ அன்று சாயங்காலமே ஒரு தூக்குப் பாத்திரத்தில் சோற்றை எடுத்துக்கொண்டு லட்சுமி வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா, இங்க வந்து குந்திகினு இருக்க?" என்று அவன் கேட்டான்.

"உன் கை ஓங்கறப்போ ஒரு ஆள் பாக்கணும் இல்ல, அதுக்குத்தான்" என்றார் அக்கா.

பதினோரு நாள், அவன் வீடு திரும்பும் நேரத்துக்கு அக்கா அந்தப் படியில் இருந்தார். பன்னிரண்டாம் நாள் அவனே, "நீ போக்கா, நான் தொடமாட்டேன்" என்றான். சுத்தமாகத் திருந்தினான் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன்பிறகு அவன் அடித்ததில்லை.

இப்படித்தான் கூட்டம் சேர்ந்தது. முதலில் லட்சுமி வீட்டில் நாலு பேர். பிறகு வலை பின்னும் கொட்டகையில் இருபது பேர். எட்டு வருடத்தில் அறுபது பேருக்கு மேல் வந்தார்கள், ஆண்களும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை செய்தி கொடுப்பது அக்கா. நோய்க்கு ஜெபிப்பது அக்கா. இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால் நடுவில் போய் உட்காருவது அக்கா. மாதத்தில் ஒருநாள் திருவிருந்து கொடுக்க நகரத்துச் சபையிலிருந்து பெரிய பாஸ்டர் வருவார். அன்று மட்டும் அக்கா எழுந்து பின்னால் போய் நின்றுகொள்வார்.

பிறகு சபையார் சேர்ந்து குப்பத்தில் ஒரு சின்ன ஆராதனைக் கூடம் கட்டினார்கள். கூடம் முடியும் தறுவாயில், அதற்குப் போதகராக யாரை வைப்பது என்று கமிட்டி கூடியது. பெரிய பாஸ்டரையும் சேர்த்து ஐந்து ஆண்கள். நடவடிக்கைக் குறிப்பு எழுத நான்.

நீங்கள் நினைக்கலாம், எல்லாம் முன்பே முடிவாகியிருக்கும் என்று. இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வங்கியில் வேலை பார்த்த ஒரு இளம் உறுப்பினர்தான் முதலில் பேசினார்.

"எட்டு வருஷமா அந்தம்மாதான நடத்துறாங்க? அவங்களையே போதகரா அங்கீகரிச்சா என்ன?"

மூத்த உறுப்பினர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பெண்கள் சபையில் பேசக் கூடாதென்று வேதத்தில் பவுல் எழுதியதை எடுத்துச் சொன்னார். கோபமாக இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார். அவர் யாரையும் கடிந்து பேசி நான் பார்த்ததில்லை.

"பெபேயாள்னு ஒரு அம்மாவ ஊழியக்காரின்னு மரியாதையா எழுதினதும் அதே பவுல்தான சார்?" என்றார் வங்கிக்காரர்.

தலைமையாசிரியர் யோசித்தார். பெரிய பாஸ்டரும் யோசித்தார். அந்த அறையில் இரண்டு பக்கமும் சாயக்கூடிய ஒரு நிமிடம் இருந்தது. பெரிய பாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், நீங்க கூடவே இருந்து பாத்தவங்க. உள்ளதச் சொல்லுங்க. அவங்களால தனியா ஒரு சபைய நடத்த முடியுமா?"

நான் சொன்ன பதில் எனக்கு ஒரு எழுத்து பிசகாமல் நினைவிருக்கிறது.

"நல்லா ஜெபிக்கிறவங்க பாஸ்டர். ஜனங்க மேல ரொம்ப கரிசனமும் பாரமும் உள்ளவங்க. ஆனா படிப்பு அவ்வளவா இல்ல. போதிக்கிறதுக்குன்னு ஒரு பாஸ்டர் இருந்தா அவங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்."

வங்கிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பெண்ணே இப்படிச் சொன்ன பிறகு அவர் என்ன பேசுவார்? அப்புறம் எல்லாம் சீக்கிரமே முடிந்தது. வேதாகமக் கல்லூரியில் அப்போதுதான் படிப்பை முடித்த ஒரு தம்பியைப் போடுவதென்றும், அக்கா அவருக்கு உதவியாக இருப்பாரென்றும் தீர்மானம். 'பெண் ஊழியரின் கருத்தும் கேட்டறியப்பட்டு' என்று என் கையாலேயே குறிப்பில் எழுதினேன்.

பயந்துபோய் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி பொறாமை. நான் மூன்று நாள் உட்கார்ந்து தயாரித்துக் கொண்டுபோன செய்தியைக் கேட்டுக் கொட்டாவி விட்ட ஜனங்கள், அக்கா எழுந்து, "நேத்து கடல் கெட்டு கெடந்துச்சே, எத்தினி பேரு பயந்தீங்க?" என்று ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். பட்டம் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. ஜனங்கள் அக்காவிடம் இருந்தார்கள். அந்த ஒரு நிமிடத்தில், அவர் எனக்கு மேலே போகாமல் இருக்கட்டும் என்று என் மனசு நினைத்தது. ஜெப வார்த்தைகளைப் போர்த்தி அதை வெளியே விட்டேன். 'பாரம் உள்ளவங்க' என்று புகழ்ந்துகொண்டே ஒருவரைக் கீழே தள்ளலாம். நம் வட்டாரத்தில் அது ரொம்பச் சுலபம். கவனமாக இருங்கள்.

யோசிக்க நேரம் இல்லை என்பதும் பொய். "ஒருநாள் டைம் குடுங்க பாஸ்டர், ஜெபிச்சிட்டுச் சொல்றேன்" என்று கேட்டிருக்கலாம். யாரும் தடுத்திருக்கமாட்டார்கள்.

முடிவை அக்காவிடம் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். நான் போனபோது, பிரதிஷ்டைக்காகக் கூடத்தின் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். சிமெண்டுத் திட்டுகளைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"யாரு வரப்போறாங்க?"

"திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருத்தர். நல்லவர்னு சொல்றாங்க."

"சின்ன வயசா?"

"இருபத்தாறு."

தேய்ப்பதை நிறுத்தினார். "என்னப் பத்தி யாராச்சும் பேசினாங்களா?"

"பேங்க்ல இருக்காரே, அவரு பேசினாரு."

"உன்ன கேட்டாங்களா?"

"கேக்கலக்கா."

அவர் என்னை நம்பினார். "கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப" என்றார். மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் ஊற்றினேன். அந்தக் கூடத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் கழுவினோம்.

வந்த தம்பியைக் குறை சொல்லமாட்டேன். உழைப்பாளி. ஆனால் கடற்கரைப் பேச்சு அவருக்குப் பிடிபட வெகுநாள் ஆனது. ஆராதனை முடிந்ததும் ஜனங்கள் வெளியே வந்து, அக்காவைச் சூழ்ந்துகொண்டு கஷ்டத்தைச் சொல்வார்கள். இது சபையை இரண்டாக்கும் என்று கமிட்டிக்கு யாரோ சொல்ல, வாசலில் கூட்டம் போடக் கூடாது என்று அக்காவுக்கு உத்தரவு போனது. அதையும் கொண்டுபோய்ச் சொன்னது நான்தான். அடுத்த ஞாயிறிலிருந்து அக்கா கடைசி ஜெபத்தின்போதே எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். ஆராதனையில் பின்வரிசைப் பாயில், சின்னப் பிள்ளைகளோடு உட்காருவார். நாலு வருடம் அப்படி உட்கார்ந்திருந்தார். அதற்குள் கூட்டம் முப்பதாகக் குறைந்தது.

அவருக்கு மார்பில் கட்டி இருந்தது. ஒரு வருடமாகத் தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. ஊரார் கஷ்டத்தையெல்லாம் கேட்டவருக்குத் தன் கஷ்டத்தைப் போய்ச் சொல்ல ஒரு ஆள் இல்லை. சொல்வதற்கு இருந்தது நான் ஒருத்திதான். நானோ அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஏதாவது வேலையைச் சொல்லிக்கொண்டு ஒதுங்கிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டரம்மா, "இவ்ளோ நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

கருவடிக்குப்பத்தில் இருந்த என் வீட்டிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுபோனேன். பத்தாம் நாளோ என்னவோ, அதற்கு மேல் தாங்கவில்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு கமிட்டில என்ன கேட்டாங்க. கேக்கலன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"இன்னா சொன்ன?"

சொன்னேன். அந்த வார்த்தைகளை அப்படியே. அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ரெண்டு நாளைக்கு வராத" என்றார்.

அழுது மன்னிப்புக் கேட்டால் உடனே கட்டிப்பிடித்து மன்னிப்பார்கள் என்றுதான் நாம் பெண்கள் ஐக்கியத்தில் சாட்சி சொல்லிப் பழகியிருக்கிறோம். நான் வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் கஞ்சித் தூக்கோடு நின்றேன். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் லட்சுமி வந்து, "அக்கா உன்ன நோட்டும் பேனாவும் எடுத்தாரச் சொல்லுச்சு" என்றாள். போனேன். அக்கா உட்காரவைக்கச் சொன்னார். இரண்டு தலையணை வைத்து உட்காரவைத்தேன்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வாய் வர்ல" என்றார். "ஜெபம் பண்ணிக்கினுதான் இருக்கேன். வரும்போது வரும். நீ எழுது."

குப்பத்தின் வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். இந்த வீட்டில் பெரிய பெண்ணுக்கு வலிப்பு வரும், வெளியே தெரியக் கூடாது என்று மறைக்கிறார்கள், கேட்காதே, போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வா. அந்த வீட்டில் மாமியார் இருக்கும்போது மருமகளிடம் ஜெபத்தைப் பற்றிப் பேசாதே. பச்சைக் கதவு வீட்டுக்காரன் கடலுக்குப் போன அன்று மட்டும் அவன் பெண்டாட்டியைப் போய்ப் பார். இப்படி நாற்பத்தொரு வீடு. மூச்சு வாங்கும்போது நிறுத்துவார். நான் காத்திருப்பேன். எட்டு வருடம் அவர் என்ன செய்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. எந்தக் கல்லூரியிலும் எனக்கு அப்படி ஒரு பாடம் நடந்ததில்லை. அவரைத்தான் படிப்பு இல்லை என்று சொல்லியிருந்தேன்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் இருந்தார். அந்த வார்த்தை வந்ததா என்று கேட்காதீர்கள். வரவில்லை. வருவதற்கு நேரம் இல்லை என்றுதான் நான் எண்ணிக்கொள்கிறேன்.

ஒரு சித்திரை மாதத்துக் காலையில் இறந்துபோனார். அவர் கேட்டுக்கொண்டபடி உடலைக் குப்பத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தோம். தம்பி பாஸ்டர் தன் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். போனில் அழுதார். "நாளைக்குக் காலைலதான் வந்து சேர முடியும் சிஸ்டர், எனக்காகக் காத்திருக்க முடியுமா?" என்றார். பெரிய பாஸ்டர் வெளிநாட்டில். அடக்க ஆராதனையை அபிஷேகம் பெற்ற போதகர்தான் நடத்த வேண்டும் என்பது எங்கள் சபை விதி. தலைமையாசிரியர் போனில், "பெட்டிக்கு ஐஸ் ஏற்பாடு பண்ணி நாளைக்கு வரைக்கும் வெச்சிடலாம் சிஸ்டர்" என்றார்.

அதைக் கூடத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். லட்சுமி அன்று மார்க்கெட்டுக்குப் போகவில்லை. அக்காவின் காலடியில் உட்கார்ந்திருந்தவள் தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"ஐஸ்ல வெக்க அக்கா இன்னா மீனா?"

அக்காவின் பாதங்களைத் துணியால் மூடிவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"எங்க ஆத்தாளுக்குத் துணி மாத்தனது அக்கா. எம்புள்ள செத்தப்போ குழி மேட்டுல நின்னு ஜெபம் பண்ணது அக்கா. உங்க பாஸ்டர் அன்னிக்கும் ஊர்ல இல்ல. அப்ப யாரும் விதி கேக்கல, எம்புள்ளதானன்னு வுட்டுட்டாங்க. இன்னிக்கு அக்காவுக்கு ஆம்பள வந்தாத்தான் மண்ணு தள்ளணுமா? நீ பண்ணு."

நான் தலைமையாசிரியரைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"சார், மூணு மணிக்கு நான் அடக்கம் பண்றேன். பெர்மிஷன் கேக்கல சார். தகவல் சொல்றேன்."

"இதோட விளைவு உங்களுக்குத் தெரியும் இல்லையா?"

"தெரியும் சார்."

"சரி" என்று வைத்துவிட்டார்.

எங்கள் சபைக் கல்லறை நிலம் சேதராப்பட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது. வேனிலும் ஷேர் ஆட்டோவிலுமாக வந்தார்கள். சபையைச் சேராத குப்பத்துப் பெண்களும் வந்திருந்தார்கள். அவர்கள் வழக்கத்தில் பெண்கள் இடுகாட்டுக்குள் வருவதில்லை. கேட்டுக்கு வெளியே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பெட்டியை இறக்கும்போது பார்க்கிறேன், ஒவ்வொருவராக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் தலைமையாசிரியரும் வந்து வேலி ஓரமாக நின்றார்.

ஜெபித்தேன். வாசித்தேன். பிறகு, கையில் இருந்த குறிப்பை மடித்து வைத்துவிட்டேன்.

"குருசுக்குப்பத்துச் சபைய ஆரம்பிச்சது இவங்க. நடத்தினது இவங்க. இவங்களப் போதகரா ஏத்துக்கலாமான்னு ஒருநாள் கமிட்டில பேச்சு வந்துச்சு. என்னக் கேட்டாங்க. வேண்டாம்னு அர்த்தம் வர்ற மாதிரி நான்தான் சொன்னேன். பொறாமையிலதான் சொன்னேன். நீங்க தெரிஞ்சுக்கணும்" என்றேன்.

மண் போட்டார்கள். தலைமையாசிரியர் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, கையைத் தட்டாமலே போனார். வேனுக்கு நடக்கும்போது லட்சுமி என் பக்கத்தில் வந்தாள்.

"உன்ன பண்ணச் சொன்னது தப்பாப் போச்சு" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு வேனில் ஏறிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. ஆறு மாதம் நான் எந்தக் கூட்டத்திலும் பேசக் கூடாது. விதியை மீறி அடக்க ஆராதனை நடத்தியதற்காக. கீழே தலைமையாசிரியரின் கையெழுத்து இருந்தது. மண் போட்டதும் அவர்தான், கையெழுத்துப் போட்டதும் அவர்தான். இரண்டையும் மனதாரத்தான் செய்திருப்பார். மனிதர்கள் அப்படி இருப்பார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களை வெறுத்தால் ஊழியம் செய்ய முடியாது. அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினாலும் செய்ய முடியாது.

பேசக் கூடாது என்றார்களே தவிர, நடக்கக் கூடாது என்று சொல்லவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். நாற்பத்தொரு வீட்டில் ஒன்பது வீட்டில்தான் உள்ளே வா என்றார்கள். பச்சைக் கதவு திறக்கவே இல்லை. கல்லறையில் உண்மையைச் சொன்னால் ஜனங்கள் பக்கத்தில் வருவார்கள் என்று எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்திருக்கிறது. அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னது அக்காவுக்கு நான் செலுத்த வேண்டிய கடன். அதற்குப் பதிலாக எனக்கு ஒன்றும் வர வேண்டியதில்லை. அந்த ஒன்பது வீட்டுக்கு ஒழுங்காகப் போய்வந்தேன். இரண்டு வருடத்தில் அது இருபதானது. பிறகு கமிட்டி என்னைச் சேதராப்பட்டுக்கு மாற்றியது. கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களோடு அங்கேயே இருந்து ஓய்வும் பெற்றேன்.

ஒரு நல்ல காரியம் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். தம்பி பாஸ்டர் மாற்றலாகிப் போவதற்கு முந்தின வாரம் என்னைக் கூப்பிட்டுச் சபைப் பதிவேட்டைக் காட்டினார். முதல் பக்கத்தில், போதகர்கள் என்ற இடத்தில், தன் பெயருக்கு மேலே அக்காவின் பெயரையும் அந்த எட்டு வருடங்களையும் எழுதியிருந்தார். "யார் கேட்டாலும் நான்தான் எழுதுனேன்னு சொல்லுங்க" என்றார். இதுவரை யாரும் கேட்கவில்லை. யாரும் அந்த வரியை அடிக்கவும் இல்லை.

உங்களில் ஒருத்தியை ஜூன் மாதம் குருசுக்குப்பத்துக்கு அனுப்பப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உதவி ஊழியர் என்ற பெயரில்தான். கூட்டம் இப்போது மறுபடி ஐம்பதைத் தாண்டியிருக்கிறதாம். நோட்டு என்னிடம் இருக்கிறது. போகிறவள் வந்து வாங்கிக்கொள்ளலாம். பாதி வீடுகளில் இப்போது வேறு ஆட்கள் இருப்பார்கள். புதிதாக எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.

லட்சுமி இன்னமும் மார்க்கெட்டுக்குப் போகிறாள். மதியம் ஒன்றரை மணிக்குமேல் வீட்டில் இருப்பாள். முதலில் அவளைப் போய்ப் பாருங்கள். நான் அனுப்பியதாகச் சொல்ல வேண்டாம், எழுந்து உள்ளே போய்விடுவாள். அக்காவைப் பற்றிக் கேளுங்கள். அன்று முழுக்க உட்கார்ந்து சொல்வாள்.